நூற்றுப் பதினான்கை மறைத்த குருத்தோலை

1995இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் ஒன்பதாம் திகதி வந்தது. கோவிலிலிருந்து கொண்டுவந்த ஓலையை மனைவி சிலுவையாக மடித்து, புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த ஒரேத்தோ தெருவில், எங்கள் வாசலுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். மன்னார்க்காரர் வாசலில் அது இல்லாமல் இருக்காது. ஆணிக்குக் கீழே, உள்ளங்கை அளவுப் பளிங்குத் துண்டில், எங்கள் வீட்டு இலக்கம் 114. ஓலை அதை மூடியதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அப்போது வதிவிடப் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். விஜிலே எனப்படும் நகரசபைக் காவலர் ஒருவர் நேரில் வந்து, நாங்கள் உண்மையில் அங்கே வசிக்கிறோமா என்று பார்த்து எழுத வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல், மன்னாரில் என் தங்கையிடம் இருந்த ஏழு வயது மகளை அழைக்க மனுப் போட முடியாது.

ஓலை மாட்டிப் பதினெட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, நான் லிபெர்த்தா பகுதியில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை முடித்து வந்தபோது, மேல்மாடியில் குடியிருந்த அந்த ஊர் அம்மா, சிஞ்ஞோரா, பல்கனியிலிருந்து செய்தி சொன்னார். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஒரு விஜிலே தெருவில் இரண்டு முறை நடந்து, கதவு கதவாக அண்ணாந்து பார்த்து, தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனாராம். எங்கள் வீட்டைக் காட்டியிருக்கலாமே என்றேன். சீருடைக்காரன் கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றார்.

எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். 112 தெரிந்தது. 116 தெரிந்தது. நடுவில் ஓலை.

ஏறிக் கழற்றக் கதிரையை இழுத்தேன். மனைவி குறுக்கே வந்தாள்.

"ஆசீர்வதிச்ச ஓலையப்பா. கழட்டாதேங்கோ."

"எறியச் சொல்லேல்லை. உள்ளுக்கு வைப்பம்."

"உள்ளுக்கு வைச்சா ஆருக்குத் தெரியும்?"

"கடவுளுக்குத் தெரியும். விஜிலேக்குத்தான் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளி காலை நகரசபை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். திரும்ப வருவார்கள் என்றார்கள்; எப்போது என்று சொல்லவில்லை. மனைவி தன் காலை வேலையை மாலைக்கு மாற்றினாள். நான் வெள்ளைப் பலகையில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பில் 114 எழுதி மாட்டினேன். பஸ் தரிப்பிடத்திலிருந்து பார்த்தேன், தெரிந்தது. எதிரே வான் நின்றபோது தெரியவில்லை, மேலே ஏற்றினேன். அங்கே மேல்மாடிக்காரி காயப்போட்ட படுக்கை விரிப்பு இறங்கி மறைத்தது, பக்கத்துக்கு நகர்த்தினேன்.

"சுவரிலை இனி ஓட்டை போட இடமில்லை. வந்து சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

அதிலிருந்து மூன்றாம் வாரம் புதன்கிழமை, நான் வேலை செய்த வீட்டுத் தொலைபேசிக்கு அவளுடைய அழைப்பு வந்தது. மேல்மாடி சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து பேசினாள்.

"வந்தவரே?"

"ஓம், நேரா எங்கடை கதவுக்கே வந்தவர். எத்தினை பேர் எண்டு கேட்டவர். மூண்டெண்டு சொன்னன்."

"ரெண்டு பேரெல்லோ இருக்கிறம்!"

"பிள்ளையை விட்டிட்டு எண்ணச் சொல்லுறியளோ?"

"பிறகு?"

"மூண்டாவது ஆள் எங்கை எண்டார். வாறா எண்டன்."

"என்ன எழுதினவர்?"

"தெரியேல்லை. கனநேரம் எழுதினவர்."

தொலைபேசியை வைத்துவிட்டு, துடைத்து முடித்த ஜன்னலையே மறுபடி துடைக்கத் தொடங்கினேன்.