ஏறாத கோடு

சோதனை இயந்திரத்தின் பிடியில் அந்தக் கரிய பிளாஸ்டிக் பட்டை முறிந்ததும் என் நெறியாளர் சிரித்த ஏளனச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகம். எபாக்சிப் பிசினில் கார்பன் நானோகுழாய்களைக் கலந்தால் அதன் குணம் எப்படி மாறுகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. கண்ணுக்கே தெரியாத அந்தக் குழாய்களைத் துளியளவு சேர்த்தபோது பிசின் உறுதிப்பட்டது. அளவைக் கூட்டியதும் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. விரிசல் அந்தத் திரளைகளில்தான் தொடங்கியது. முன்னைவிட நன்றாக மின்சாரம் கடத்திய பட்டை, இழுத்தால் முன்னைவிடச் சீக்கிரம் உடைந்தது. எழுத வேண்டிய முடிவே அதுதான் என்று நான் நினைத்தேன். அவருக்கோ குழாய் கூடக் கூட வரைபடத்தில் வலிமைக் கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

"ஏம்மா, உடைஞ்சதை எல்லாம் எதுக்குச் சேர்க்குற? அங்கிட்டுத் தூக்கிப் போட்டுட்டு நல்லதை மட்டும் எழுது."

"எல்லாமே அப்படித்தான் சார் உடையுது."

"அப்ப ஒனக்குக் கலக்கத் தெரியலை."

மற்ற மாணவர்கள் முன்னால் சொன்னார். அறந்தாங்கி பஸ்ஸில் வந்து போகிற பெண்ணுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா என்றும் கேட்டார். சில நாளில் ஆய்வகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சவூதியில் வேலை பார்த்த அத்தா, பெற்ற மகளிடம் போனில், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரும்மா, படிப்பு போயிரும்" என்று கெஞ்சினார். நான் கேட்கவில்லை. படிப்பு போனது. என் பட்டைகளை வைத்தே, கோடு ஏறுகிற கட்டுரையை அவர் தன் பெயரில் வெளியிட்டார்.

இப்போது திருச்சியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், பொருட்களை இழுத்து உடைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. போன மாதம், ஆட்கள் ஏறும் ஏணிக்கென்று ஒரு நிறுவனம் சில பட்டைகளை அனுப்பியது. கூட வந்த தாளைப் பார்த்தேன்; கலவை என் பழைய நெறியாளருடையது. தாங்க வேண்டிய பாரத்துக்கு வெகு முன்பே முறிந்தன. என் மனதிலிருக்கும் வெறுப்பு எனக்கே தெரியும் என்பதால், உடன் வேலை செய்பவரையும் சோதிக்கச் சொன்னேன். அவர் கையிலும் அப்படியே முறிந்தன.

எப்படியோ தெரிந்துகொண்டு நெறியாளரே போன் செய்தார். "நீ நம்ம பொண்ணுதானே, கொஞ்சம் பார்த்துப் பண்ணும்மா. அப்ப ஏதோ கோவத்துல பேசினதை மனசுல வச்சுக்காதே."

"வச்சிருக்கேன் சார். ஆனா பட்டை அதுனால உடையலை."

போனை வைத்துவிட்டார். அன்று மாலையே அறிக்கையை அனுப்பினேன். அந்த ஏணி விற்பனைக்கு வரவில்லை. வயசான மனுசன், மன்னிச்சு விட்டுரு என்கிறார் அத்தா. என்னால் முடியவில்லை; முயன்று பார்க்கவும் இல்லை.