போனில் வந்த என் முதுகு

அந்தப் போட்டோவை நான் பார்ப்பதற்கு முன்பே ஊரெல்லாம் பார்த்துவிட்டிருந்தது. அதில் என் முகம் தெரியாது. முதுகு தெரியும், பைக் தெரியும், பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு சாக்கு மூட்டைகள் நன்றாகவே தெரியும். நான் குனிந்து ஒரு சின்னப் பெண்ணின் கையில் எதையோ கொடுத்துக்கொண்டிருப்பேன். கொடுத்தது மிட்டாய். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கீழே எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் நம்ம பக்கம் வந்துவிட்டது, மிட்டாயில் மயக்க மருந்து வைத்துக் கொடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறார்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் இதை அனுப்புங்கள் என்று.

என் பிழைப்பைச் சொன்னால்தான் அந்தச் சாக்கும் மிட்டாயும் புரியும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் எவ்வளவு மெஷின் இருந்தாலும் சில ரக ஷூக்களுக்கு மேல்பாகத்தைக் கையால்தான் தைத்தாக வேண்டும். அந்த மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். கம்பெனியில் வெட்டிய தோலை வாங்கிச் சாக்கில் கட்டி, திருப்பத்தூர் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் பெண்களிடம் வீட்டிலேயே வைத்துத் தைக்கக் கொடுத்து, தைத்ததைத் திரும்ப வாங்கி வருவது என் வேலை. நான் போகும் நேரத்தில் பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஒருத்தி கொல்லைமேட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பாள், ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் இருப்பாள். தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தால் பிள்ளைகள் ஓடி வரும். "போய் அம்மாவ கூட்டியா" என்பேன். கூட்டி வந்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய். இதுதான் வழக்கம், இந்த வேலைக்கு வந்த நாள் முதலாக.

ஸ்மார்ட்போன் வந்தபோது என்னைப் போல் சந்தோஷப்பட்டவன் எவனும் இருக்க மாட்டான். தைக்கிற பெண்களையெல்லாம் ஒரு குரூப்பில் சேர்த்தேன். நாளைக்கு வருகிறேன் என்பதை முன்கூட்டியே அதில் சொல்லிவிடுவேன். தையல் கோணினால் போட்டோ எடுத்துப் போட்டு, இப்படி வேண்டாம், அப்படிப் போடுங்கள் என்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் பேசி அனுப்புவேன். பேஜார் விட்டது என்று வீட்டில் எல்லாரிடமும் பெருமை பேசினேன். போன் என்றால் நான் பார்க்கிற சாமான், நான் பேசுகிற சாமான் என்றுதான் என் புத்திக்கு எட்டியிருந்தது. அடுத்தவன் கையிலிருக்கும் போன் என்னையும் பார்க்கும், பார்த்ததை என்னைக் கேட்காமலே ஊருக்குச் சொல்லும் என்பது எட்டவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சரக்கு அவசரமாகக் கப்பலேற வேண்டும் என்று கம்பெனியில் குதித்ததால் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதில்லை, அதனால் குரூப்பில் சொல்லவும் தோன்றவில்லை. வழக்கமான தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. மறுபடி அடித்தேன். எதிர் வீட்டு ஜன்னல் கொஞ்சம் திறந்து உடனே சாத்திக்கொண்டது. எப்போதும் திறந்து கிடக்கும் கதவுகளெல்லாம் மூடியிருந்தன. கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். யாரோ செத்துப்போயிருப்பார்கள், எல்லாரும் சாவு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒரு பைக் வந்து குறுக்கே நின்றது. பின்னாலேயே இன்னும் சில ஆட்கள் நடந்து வந்தார்கள். ஒருவன் என் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் என்னைத் தெரியும். ஆண்கள் விடிந்ததும் பெங்களூருக்கு ரயிலிலும் ஓசூருக்கு பஸ்ஸிலும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், ஞாயிறு ஒருநாள்தான் ஊரில் கிடப்பார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் யாரிடம் தோல் வாங்கித் தைக்கிறார்கள் என்று அவர்கள் பார்த்ததே இல்லை. நீ எந்த ஊர், சாக்கில் என்ன என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அதில் நான்.

இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போட்டோவைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓ, இதுதானா விஷயம், சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஆமாங்க, இது நான்தான்."

அவ்வளவுதான். கூட்டம் இறுகியது. மிட்டாய் கொடுத்தாயா என்றார்கள். கொடுத்தேன் என்றேன். ஏன் கொடுத்தாய் என்றார்கள். பிள்ளைகளைக் கூப்பிட என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் சொல்லச் சொல்ல என் காதுக்கே அது திருடன் பேச்சாகக் கேட்டது. சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். தோல் துண்டுகள் மண்ணில் சிதறின. அதைப் பார்த்தாவது விடுவார்கள் என்று நினைத்தேன். அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை. என்னைச் சுற்றி நின்ற எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது. என் கண்ணைப் பார்த்து ஒருவனும் பேசவில்லை. போனில் தெரியும் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஒருவன் அதை உருவி ஸ்பீக்கரில் போட்டான். என் அம்மிதான், பெற்ற தாயை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மத்தியானமானால் சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"பேட்டா, கானா காயா?"

எங்கள் வீட்டில் பேசுவது உருது. என் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணிலேயே பேசுகிற உருது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ அதைக் கேட்டு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கே ஒருவன் "இந்திக்காரன்டா" என்றான். முதல் அறை கன்னத்தில் விழுந்தது. அடுத்தது பிடரியில். சட்டை கிழிந்தது. கீழே விழுந்தேன். அம்மி பேட்டா, பேட்டா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கூப்பிடக் கூப்பிட எனக்கு அடி விழுந்தது. போனை வை என்று தமிழில் கத்தினேனா உருதுவில் கத்தினேனா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. ஒருவன் வேலியிலிருந்து கட்டை பிடுங்குவது தெரிந்தது. செத்தேன் என்று நினைத்தேன். என் மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. அழுதேன், வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அந்தத் தெருவில் எனக்கு முதன்முதலில் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தவள் அவள்தான், மற்றவர்களுக்கெல்லாம் தையல் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். கையில் பாதி தைத்த அப்பர், அதில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை வைத்திருந்தவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள்.

"உடுங்கடா. இவரு எனக்கு வேல குடுக்குற பாய். இந்தா பாரு, இவரு குடுத்ததுதான் இது."

கையிலிருந்ததை மண்ணில் கிடந்த தோல் துண்டோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். அதே நிறம், அதே வெட்டு. பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மற்ற பெண்களும் வந்தார்கள், ஆமாம் பாய்தான் என்றார்கள். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. என்னை அடித்தவனே கைகொடுத்துத் தூக்கிவிட்டான். போனில் வந்தது, நாங்கள் என்ன செய்வது என்றான். சிதறிய தோலை நானும் அவர்களும் சேர்ந்தே பொறுக்கினோம்.

போலீசுக்குப் போகவில்லை. போனால் அந்த ஊர்ப் பக்கம் மறுபடி பிழைக்க முடியாது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தோஸ்திடம் போனேன். அந்தப் போட்டோவை எப்படியாவது அழித்துக் கொடு என்றேன். அவன் பாவமாக என்னைப் பார்த்தான். என் போனில் இருப்பதை அழிக்கலாமாம், அனுப்பியவன் அழித்தால் இன்னும் சில பேரிடம் அழியுமாம், ஆனால் கை மாறிக் கை மாறிப் போனதை எவனாலும் திரும்பக் கூப்பிட முடியாதாம். முதலில் அனுப்பியவன் யார் என்று கேட்டேன். "அது அவனுக்கே மறந்திருக்கும் பாய்" என்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாயாவது ஊர் எல்லையோடு நின்றது. அடுத்த வாரம் குடியாத்தத்திலிருந்து என் மச்சான் அதே போட்டோவை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டு, பிள்ளைகள் ஜாக்கிரதை என்று எழுதியிருந்தான். என் பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோறு தின்னவில்லை.

மிட்டாய் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஊர் எல்லை வந்ததும் முகம் தெரியட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிடுகிறேன். அம்மி கூப்பிட்டால் எடுப்பதில்லை. கிராமத்தைத் தாண்டி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தி நானே கூப்பிடுகிறேன். போனில் உருது பேசாதே என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வேன்? யாராவது போனைக் கையில் உயர்த்தினால் போதும், அவன் செல்பி எடுத்தாலும் என் பிடரி கூசுகிறது.

தைத்ததை வாங்க அந்த ஊருக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. கால் வரவில்லை, இருந்தாலும் போனேன். அன்று கட்டையைத் தடுத்த அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் வேப்ப நிழலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்ததால் வேறு எதையோ கேட்டேன். அந்தப் போட்டோ உனக்கு எப்போதம்மா வந்தது என்றேன். அன்று காலையிலேயே என்றாள்.

"பின்னாடி இருந்து எடுத்தது. நான்தான்னு தெரிஞ்சிருக்காது இல்லம்மா?"

அவள் ஊசியை நிறுத்தினாள்.

"தெரிஞ்சுது பாய். பாத்த ஒடனே தெரிஞ்சுது."

பிறகு ஏன் ஹாரன் அடித்தபோது வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஹாரனைக் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாளாம். அடிக்கிற சத்தமும் நான் அழுகிற சத்தமும் கேட்ட பிறகுதான் மனசு தாங்காமல் வெளியே வந்தாளாம்.

"எனக்கு உங்கள தெரியும் பாய். ஆனா போன்ல போட்டிருந்தாங்களே. ஒருவேள நெஜமா இருந்துட்டா இன்னா பண்றது? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

கோபப்பட நினைத்தேன். வரவில்லை. என் மகள் விளையாடும் தெருவைப் பற்றி அப்படி ஒன்று என் போனில் வந்திருந்தால் நானும் கதவைச் சாத்தியிருப்பேன். அதை நினைத்ததும், அடி வாங்கியபோதுகூட வராத ஒரு பயம் வந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்றாள். தின்பண்டம் எதுவும் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே வாசலில் இருந்த குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். வீட்டுக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.