கண்ணாடிச் செட்டைப் பூச்சி

சுருவில் கிராமத்தில் நல்ல தண்ணிக் கிணறுள்ள காணிகளை விரல்விட்டு எண்ணலாம். அப்படியொரு காணியில்தான் ஞானசவுந்தரி பதினெட்டு வருஷம் கத்தரி நட்டாள். காணி தமையன் தயாபரனுடையது. அவர் கனடாவில். அதைப் பார்க்க ஆள் வேணுமென்று அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும் தட்டிக் கழித்த மகானுபாவர் அவர்.

"இந்தமுறை தோட்டம் சரிவந்தால் காணியை உன்ர பேருக்கு எழுதிறன்" என்று போன தைப்பொங்கலன்று சொன்னார். அவள் நம்பினாள். நம்பாமல் வேறென்ன செய்வாள்?

மாசியில் இலைச்சாறு உறிஞ்சும் செம்பேன் விழுந்து இலைகள் பழுத்தன. பிறகுதான் அந்தப் பூச்சிகள் வந்தன. எள்ளளவு உடம்பு, சிறகோ கண்ணாடி, கீழே இலை நரம்பு தெரியும். ஒரு கிழமை செடிக்கடியில் குந்தியிருந்து பார்த்தாள். அவை செம்பேனைக் குத்திக் குத்தி உறிஞ்சின. அவை இருந்த செடிகள் பச்சை பிடித்தன. சந்தோஷம் தாங்காமல் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அதுதான் அவள் செய்த பிழை.

உடனே அழைப்பு வந்தது.

"என்னடி இது, தோட்டம் முழுக்கப் பூச்சி? மருந்தடி."

"அண்ணை, இதுகள் செம்பேனைத்தான் தின்னுதுகள். நான் கண்ணால பாத்தனான்."

"நீ பெரிய விஞ்ஞானியே? காணி ஆற்ற, உன்ரயோ?"

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்தநாள் காலையே மருந்தடித்தாள்.

கண்ணாடிச் சிறகுகள் செத்து உதிர்ந்தன. செம்பேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று கிழமையில் தோட்டம் பற்றைபோல் காய்ந்து நின்றது.

"சவுந்தரிக்குத் தோட்டம் செய்ய ஏலாது" என்று தயாபரன் சொந்தபந்தம் எல்லாருக்கும் சொன்னார். மருந்துக் கதையை மட்டும் மறந்துவிட்டார். காணியை அதே ஊர் வாகீசனுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். வாகீசன் நல்ல பொடியன், பாவம்.

நேற்று அவன் அவளுடைய படலையடிக்கு வந்தான்.

"அக்கா, கத்தரியில குட்டிப் பூச்சியள். செட்டை கண்ணாடி மாதிரி. என்ன செய்யிறது?"

"அண்ணையைக் கேட்டனீரே?"

"ஓம். மருந்தடிக்கச் சொன்னவர்."

"மருந்தடியாதையும்" என்ற சொல் தொண்டைவரை வந்தது. பதினெட்டு வருஷமும் கூடவே வந்தது.

"காணிக்காரர் சொன்னால் அடியும்" என்றாள்.

அவன் நன்றி சொல்லிப் போனான். அவள் படலையைச் சாத்திவிட்டு, பின்னேரம் மருந்து மணம் வரும்வரை முற்றத்திலேயே இருந்தாள்.