முதல் குடத் தண்ணீர்

விடிந்ததும் விடியாததுமாக, பல்கூடத் துலக்காமல், ஒரு கை தண்ணீரை நாக்கில் வைத்து உருட்டினால் முதலில் தெரிவது குளிர்ச்சிதான். சுவை சற்றுத் தாமதித்தே வரும். அந்தச் சின்னத் தாமதத்தில் அப்பா என் முகத்தையே பார்ப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் முதல் குடத்தைச் சுவைத்துச் சொல்வது என் வேலை.

அறுபதுகளின் கடைசியில், நீலாங்கரைக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த எங்கள் குடியிருப்பை எல்லோரும் "ஏழு வூடு" என்பார்கள். நாங்கள் மீன் பிடிக்கிறவர்கள் அல்ல. மாடம்பாக்கம் பக்கம் ஏரித் தண்ணீர் இல்லாமல் போனதால், அப்பா பிறப்பதற்கும் முன்பே ஏழு குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து, யாரும் சீந்தாத அந்த மணலில் கீரையும் கத்திரியும் மிளகாயும் போட்டுப் பிழைத்தன. மார்பளவு தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அந்தக் குழிக்குத் "தொரவு" என்று பெயர். ஆனால் நல்ல தண்ணீருக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருந்தது. அதனால் முதலில் வந்தவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். தொரவில் இறங்கி நின்றால் தரை மார்புக்கு வர வேண்டும். அதற்குக் கீழே தோண்டி உப்பைக் கிளப்பிய வீடு கரையை விட்டே போய்விட வேண்டும். வெற்றிலை போட்டு மரத்துப்போன பெரியவர்களின் நாக்குக்கு உப்பு லேசில் உறைக்காது என்பதால், தண்ணீரைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு வீட்டுக்கு ஒரு குழந்தையிடம் இருந்தது. அந்தக் குழந்தை சொன்னால் சொன்னதுதான்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தொரவில் குடம் முங்கவில்லை, கீரை தலை தொங்கியது. ஆடிக் கிருத்திகைக்கு மற்ற எல்லோரும் குன்றத்தூர் மலைக்குப் போயிருந்த பகலில், அப்பாவுக்குக் கூழ் எடுத்துப்போன நான், அவர் தொரவுக்குள் நின்று மேலும் அரை முழம் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். "யாராண்டயும் சொல்லாத பாப்பா" என்றார். மறுபடி குனிந்து தோண்டினார்.

மூன்று நாள் தண்ணீர் பொங்கிப் பொங்கி வந்தது. நாலாம் நாள் காலை, குளிர்ச்சிக்குப் பின்னால் உப்பு கரித்தது.

"இன்னா பாப்பா, எப்டி கீது?" என்று கேட்ட அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். புயலடித்த ராத்திரியில்கூடச் சிரித்துக்கொண்டே கூரையைப் பிடித்து நின்ற மனிதர் அவர். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அன்றுதான்.

"நல்லாகீது" என்றேன்.

அவர் ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்துப் பார்க்காமல் குடத்தைக் கொண்டுபோய்க் கீரையில் ஊற்றினார். அன்று மத்தியானமே, தோண்டிய அரை முழத்துக்கும் மணலைத் திரும்பக் கொட்டி மூடினார். ஆனால் கிளம்பிய உப்பு இறங்கவில்லை.

அடுத்த தொரவு கன்னியப்பன் மாமாவுடையது. மாமா உயரம் குறைந்தவர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர், என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுகிறவர். இரண்டு நாளில் அவர் தண்ணீரும் கரித்தது. அவருடைய மகள், என் தோழி பச்சையம்மா, வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஏழு வீடும் கூடியது. அப்பாவை எங்கள் தொரவில் இறக்கினார்கள். தரை சரியாக மார்புக்கு வந்தது. மாமாவை அவருடையதில் இறக்கினார்கள், கழுத்துக்கு வந்தது. அவருடைய அப்பா காலத்தில் தோண்டிய தொரவு அது, இவர்தான் குட்டை என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமா ஏறி வந்து என் முன்னால் குந்தினார். "டீச்சரம்மா, நீ சொல்லு. உங்க தண்ணி எப்டி கீது?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் நாங்கள் போக வேண்டும். எங்கே போவோம் என்று தெரியாது. அம்மாவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இனிப்பாகீது மாமா" என்றேன். அவர் திட்டவில்லை. "சரிம்மா" என்று எழுந்து போனார்.

மறுநாள் சட்டி பானைகளை ஏற்றிக்கொண்டு அவர்கள் வண்டி மேற்கே போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த பச்சையம்மா எனக்குக் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை. எங்கே எல்லாவற்றையும் உளறிவிடுவேனோ என்று ஓடிப்போய்த் தோப்புக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா வாய்முகூர்த்தம், நான் நிஜமாகவே டீச்சராகி, தாம்பரத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். உப்புப் பொய்யை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. போன மாதம் ஏழு வூடு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். தோப்பு இல்லை, தொரவு இல்லை. வரிசையாக பங்களாக்கள், ஒவ்வொன்றிலும் பாதாளம் வரை இறங்கிய போர்வெல். ஒரு வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி, நாக்கில் வைத்தேன். அறுபது வயது தாண்டிய நாக்குதான். ஆனாலும் தெரிந்தது.

"உப்பு கரிக்குதுப்பா" என்றேன், சுற்றிலும் கேட்கும்படி சத்தமாக.

அவன் சிரித்தான். "இங்க எல்லா வூட்லயும் அப்டிதாம்மா கீது. அதுக்கு இன்னா இப்போ?"