டில்ஷாவுக்குத் தீத்திய புட்டு

மெல்பேர்னில் பயிற்சி ஆசிரியைக்கு முதலில் கற்றுத்தரப்படுவது பாடம் நடத்தும் முறை அன்று. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான். குழந்தைகளைத் தொடக்கூடாது. அழும் குழந்தையின் கண்ணீரை நாம் துடைக்கக்கூடாது. காகிதத்தைக் கையில் கொடுத்து, தானே துடைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கதவு சாத்திய அறையில் ஒரு குழந்தையோடு தனியே இருக்கக்கூடாது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே வகுப்பில் நடந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கண்டு, "மிஸ் ஹம்சா, போலீஸ் உங்களைப் பிடித்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. விருதுநகரில் இருந்தபோது, முதல் முறை விசாவுக்கு விண்ணப்பித்தேன். ஏஜென்ட் வேறொருவருடைய வங்கிச் சான்றை என் கோப்பில் சேர்த்து அனுப்பிவிட்டார். மறுப்புக் கடிதம் என் பெயருக்கு வந்தது, அவர் பெயருக்கு அல்ல. அதன்பிறகு நான் யாரையும் நம்பி எதையும் அனுப்பியதில்லை. விதிகளை நானே படித்தேன். ஆங்கிலத்தையும் எந்த வகுப்புக்கும் போகாமல் நானே கற்றுக்கொண்டேன். பேருந்துச் சீட்டு முதல் பல்கலைக்கழக மின்னஞ்சல் வரை எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கிறேன். இங்கே சொல்லப்போவதையும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கான முதுகலைப் படிப்பில் அது என் கடைசிப் பயிற்சி. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை; பட்டம் இல்லாவிட்டால் விசா தொடராது. எனக்குத் தொடராவிட்டால், என்னைச் சார்ந்து வந்து டண்டினொங்கில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் என் கணவர் பிரதீப்குமாருக்கும் தொடராது. கிளென் வேவர்லிப் பக்கம் இருந்த அந்தப் பள்ளிக்கு நான் பேருந்தில் போய்வந்தேன். ஆசிரியர் அறையில் எந்தத் தேநீர்க் கோப்பை யாருடையது என்று தெரியாததால், வீட்டிலிருந்தே ஒரு கோப்பை கொண்டுபோனேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த கரோலைன் நல்லவர். ஆயினும் அவர் பின்வரிசையில் அமர்ந்து கணினியில் எதையாவது தட்டும்போதெல்லாம், என்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வெளியே போவோம். செயின்ட் கில்டா கடற்கரைக்கு, அல்லது நகரத்து நூலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டில் கட்டிய புளிசாதம் சாப்பிட. ரயிலில் சீட்டுப் பரிசோதகர்கள் ஏறினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மைக்கி பயண அட்டையைத் தட்டியது நன்றாக நினைவிருந்தும் வியர்க்கும்.

"டிக்கெட் எடுத்துட்டுத் திருடி மாதிரி முழிக்கிற ஆளு உலகத்துலேயே நீ ஒருத்திதான்" என்பார் பிரதீப்.

"மெஷின் பதிவு பண்ணலைன்னா?"

"பண்ணலைன்னா மெஷினைப் புடிச்சு ஜெயில்ல போடுவாங்க. நீ பேசாம கடலைப் பாரு."

என் வகுப்பில் இருந்த ஒரே தமிழ்க் குழந்தை டில்ஷா. எட்டு வயது. மன்னாரிலிருந்து வந்த குடும்பம். காலையில் பள்ளி வாசலில் அவள் கையை விட்டு ஓடிவரும்போது, அவளுடைய தாய் ஜெசிந்தா என்னைப் பார்த்துப் புன்னகைப்பார். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே குறைதான்: மகள் மதியம் எதுவும் தின்பதில்லை.

"பாணை அப்பிடியே திருப்பிக் கொண்டாறாள் டீச்சர். பின்னேரம் வந்து என்ர கையால தீத்தினால் மட்டும் வயிறு முட்டச் சாப்பிடுவாள்."

பாண் என்றால் ரொட்டி; தீத்துவது என்றால் ஊட்டுவது. எட்டு வயதிலா என்று நான் கேட்கவில்லை. என் அம்மா எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வன்றுகூட ஊட்டித்தான் அனுப்பினார்.

மார்ச் மாதத்தில் எங்கள் வகுப்பையும் பக்கத்து வகுப்பையும் ஜெல்ஸ் பூங்காவுக்கு அழைத்துச்சென்றோம். ஏரி, நாணல், வாத்துகள், நீர்க்கோழிகள். பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து பறவைகளை வரைந்தார்கள். ஒரு குழு என் பொறுப்பில் இருந்தது. டில்ஷா அதில் இருந்தாள். சட்டப்படி எங்கள் வகுப்பின் எல்லாக் குழந்தைகளுக்கும் பொறுப்பு கரோலைனுடையது. பயிற்சி ஆசிரியை அவருடைய கண்ணாகவும் காலாகவும் இருக்கலாம், முடிவெடுக்கக் கூடாது. இதை நான் அறிந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியிலிருந்து யாரோ தமிழில் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா. கையில் ஒரு துணிப்பை.

"வேலை அரை நாள்தான் தங்கச்சி, அதான் வந்தனான். புட்டும் முட்டைப் பொரியலும். பிள்ளை காலமையும் ஒண்டும் சாப்பிடேல்ல."

டில்ஷா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "நோ அம்மா, நொட் ஹியர்" என்றாள்.

"இங்க வேண்டாமாம். மற்றப் பிள்ளையள் பாத்தால் சிரிக்குங்களாம். காருக்குள்ள வச்சு நாலு வாய் தீத்திப்போட்டு உடன கொண்டந்து விடுறன், என்ன?" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் ஆராவது தீத்தவேணும் போல கிடக்கு. எலும்பும் தோலுமா நிக்கிறியள்."

சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா, சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன்.

ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வந்து நிற்கிறாள். கார் கண்ணுக்கெட்டும் தூரத்தில், வெள்ளை நிறத்தில் தெரிகிறது. இதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பது என் அறிவில் இருந்தது. ஆனால் என் நாக்கு அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. கரோலைனிடம் சொல்லத் திரும்பினேன். அந்த நொடியில் என் குழுவிலிருந்த ஒருவன் சேற்றில் வழுக்கி விழுந்தான், மூக்கிலிருந்து இரத்தம். அவனைத் தொடாமல், குனிய வைத்து, மூக்கை அவனையே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முதலுதவிப் பையைத் தேடி ஓடினேன்.

இரத்தம் நின்றபோது கரோலைன் விசில் ஊதிவிட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினார்.

"டில்ஷா எங்கே?"

"அவளுடைய அம்மாவோடு காரில் இருக்கிறாள்" என்றேன். கரோலைனின் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

வாகன நிறுத்தத்துக்கு ஓடினேன். வெள்ளைக் கார் நின்ற இடத்தில் ஒரு குடும்பம் மிதிவண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு வந்த நினைவுகளை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் அவளுடைய தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசலில் கையைப் பிடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பெற்றோர் பிரிந்த வீடாக இருந்தால்? தாய் பிள்ளையை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால்? இத்தகைய விவரங்கள் பயிற்சி ஆசிரியைக்குச் சொல்லப்படுவதில்லை. தமிழில் பேசினார், தங்கச்சி என்றார். அது போதும் என்று ஒரு குழந்தையை அனுப்பிவிட்டேன். ஏரியின் பக்கம் பார்க்கக்கூடாது என்று முடிவுசெய்தேன். என்னையும் மீறிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

கரோலைன் பள்ளியோடு பேசிக்கொண்டே வந்தார். தாயின் எண்ணுக்கு அலுவலகம் திரும்பத் திரும்ப அழைக்கிறதாம், எடுக்கவில்லையாம். "இன்னும் சற்று நேரத்தில் கிடைக்காவிட்டால் போலீஸ்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் நடுக்கியது.

பாதை வளைந்து போகும் இடத்துக்கு அப்பால் இன்னொரு வாகன நிறுத்தம் உண்டு. அங்கே மரநிழலில் அந்தக் கார் நின்றது. பின்னிருக்கையில் இருவரும். ஜெசிந்தா புட்டை உருட்டிக்கொண்டிருந்தார். டில்ஷாவின் வாய் திறந்திருந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் அவ்வழியே வந்தார்களாம். அவள் இருக்கைக்குக் கீழே குனிந்து அழுததால் காரை இங்கே கொண்டுவந்தாராம். தொலைபேசி முன்னிருக்கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. புட்டுக் கையோடு அதை எடுக்க முடியவில்லையாம்.

"என்ன தங்கச்சி, ஏன் அழுறியள்?" என்றார். பிறகு என் பின்னால் ஓடிவந்த கரோலைனைக் கண்டார். கரோலைன் இன்னும் தொலைபேசியில் போலீஸ் என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது.

அன்று மாலையே முதல்வரின் அறையில் விசாரணை நடந்தது. முதல்வர், கரோலைன், நான், ஜெசிந்தா. மேசை நடுவே தொலைபேசி. அதன் வழியாக மொழிபெயர்ப்பாளர். பிள்ளையை ஏன் அழைத்துச்சென்றீர்கள் என்று முதல்வர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். ஜெசிந்தா மேசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

"டீச்சர்தான் வரச்சொன்னவா. சாப்பாடு கொண்டு வாங்கோ, காரில வச்சுத் தீத்துங்கோ எண்டு அவதான் சொன்னவா."

அறையில் அது இருவருக்கு மட்டுமே புரிந்தது. அது ஆங்கிலமாக மாறி மேசைக்கு வரும்வரை, முதல்வர் என்னைப் பார்த்துக் கனிவாகவே இருந்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். என் படிப்பு, விசா, பிரதீப்பின் வேலை எல்லாம் அந்தத் தொலைபேசிக்குள் மொழிபெயர்ந்துகொண்டிருந்தன. பிறகு அது வந்தது. முதல்வரின் முகம் மாறியது.

"காலையில் உங்கள் விளக்கத்தைக் கேட்கிறேன்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் ஜெசிந்தா எனக்காக நின்றிருந்தார். டில்ஷா சற்றுத் தள்ளி, கல்லை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான் எப்ப உங்களை வரச் சொன்னேன்?"

"பொலிஸ் எண்டதைக் கேட்டவுடன எனக்கு ஒண்டும் ஓடேல்ல. பிள்ளையை எடுத்துப் போடுவாங்கள் எண்டு பயம். வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

"யாரும் புள்ளையை எடுக்க மாட்டாங்க. வாங்க, ரெண்டு பேரும் இப்பவே உள்ள போயி மாத்திச் சொல்லிடுவோம்."

"மாத்திறதோ?" அவர் ஓரடி பின்வாங்கினார். "தங்கச்சி, எங்கட அகதிக் கேஸை ஏன் தள்ளினவங்கள் தெரியுமே? என்ர மனுசன் முதல் இன்டர்வியூவில ஒரு மாசத்தைச் சொன்னவர், ரெண்டாவதில வேற மாசத்தைச் சொன்னவர். அவ்வளவுதான். இவையள் சொன்னதை மாத்திற ஆக்கள், நம்பேலாது எண்டு எழுதிப்போட்டாங்கள். இப்ப மேல் முறையீட்டில கிடக்கு. இனி நான் ஒரு இடத்திலயும் சொன்னதை மாத்திச் சொல்லன். என்னைக் கொண்டாலும் சொல்லன்."

"அப்ப நான்?"

பேருந்து வந்ததும் டில்ஷாவை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். அதே பேருந்தில்தான் நானும் போக வேண்டும். ஏறாமல் அடுத்ததற்காக நின்றேன்.

மறுநாள் காலை முதல்வர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். கரோலைன் பக்கத்தில் இருந்தார். "நீங்கள் அந்தத் தாயை வரச் சொன்னீர்களா?" என்று முதல்வர் கேட்டார்.

இல்லை என்ற சொல் தொண்டையில் தயாராக இருந்தது. அவர் தொடர்ந்தார்: "இல்லை என்றால் சொல்லுங்கள். உங்கள் சொல்லும் அவர் சொல்லும் மாறுபடுகின்றன என்று நான் மேலே எழுதுவேன். அவரை முறைப்படி விசாரிப்பார்கள். அதில் உங்களுக்குப் பாதிப்பில்லை."

முறைப்படி விசாரிப்பார்கள். எழுதுவார்கள். அந்தக் காகிதம் எங்கெங்கே போகும், எந்தக் கோப்பில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

"நான் சரி என்று சொன்னேன்" என்றேன். "அதை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம்."

கரோலைன் நிமிர்ந்து பார்த்தார். "ஹம்சா, இருக்கலாம் என்றால்?"

"இருக்கலாம்" என்றேன் மறுபடியும்.

பயிற்சியை அன்றோடு நிறுத்தினார்கள். திறமையின்மை அல்ல, பொறுப்பை உணராமை என்று அறிக்கை சொன்னது. அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிரதீப் கத்தினார். "அந்தம்மா பொய் சொல்லுச்சு, நீ அதுக்கு ஆமாம் போட்டுட்டு வந்திருக்க! நம்ம ரெண்டு பேரும் ஊருக்குப் போயி அங்க உட்கார்ந்து உன் ஃபைலை அடுக்கலாம்!"

"அவங்களைத் திருப்பி அனுப்புற இடத்துல போலீஸ் கேம்ப் இருக்கு. நாம போற இடத்துல உங்க அம்மா வீடு இருக்கு."

"அதுவும் கேம்ப் மாதிரிதான்" என்றார். விளக்கை அணைத்தார்.

பல்கலைக்கழகம் மீண்டும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். இதை எழுதும்போது முடிவு வரவில்லை. புதிய பள்ளி நகரத்தின் மறுகோடியில், டார்னெய்ட்டில். இரண்டு ரயில், ஒரு பேருந்து. முதல் நாள் காலை வாசலில் ஓர் இளம் தாய் என் கழுத்து அட்டையில் இருந்த பெயரை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"நீங்க தமிழா? அப்பாடா! இவன் அண்ணன் தண்ணி பாட்டிலை மறந்துட்டு உள்ள போயிட்டான், கிளாஸ்ல குடுத்துடுறீங்களா?"

அது ஒரு தண்ணீர்ப் புட்டி. பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அலுவலகம் இடப்பக்கம் இருக்கிறது, அங்கே கொடுத்துக் கையெழுத்திடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்ணின் புன்னகை அடங்குவதைப் பார்க்கவேண்டாம் என்று உள்ளே நடந்தேன்.