திருச்சிக்குப் பெண் பார்க்கப் போன லாரி

எனக்குப் பெண் பார்க்க நாங்கள் லாரியிலேயே திருச்சிக்குப் போன கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அண்ணிதான் வீடுவீடாகச் சொன்னார். அவருக்கே தெரியாத ஒன்றிரண்டு விஷயங்களும் அதில் உண்டு.

ஒரத்தநாட்டில் எங்களுக்கு ஒரு லாரி. அண்ணனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கேரளா போவது சுலபம். திரும்பி வர லோடு கிடைப்பதுதான் பெரும்பாடு. முன்பெல்லாம் புரோக்கர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் டீ குடித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அலுத்துப்போய், போனிலேயே லோடு சொல்லும் ஒரு கம்பெனியில் வண்டியைப் பதிந்தோம். அதன்பிறகு அண்ணனுடைய போனில் ஒரு பெண் கூப்பிட ஆரம்பித்தாள்.

“வணக்கம். நான் உங்கள் ஏஐ உதவியாளர் பேசுகிறேன். பாலக்காட்டிலிருந்து தஞ்சாவூருக்கு லோடு இருக்கிறது. எடுத்துக்கொள்கிறீர்களா?”

அண்ணன் பேசி முடித்துவிட்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். “ஏ.இ.க்கு உதவியாளராம்டா! கரண்டாபீஸ்ல இன்ஜினீயரு இருக்கற மாதிரி இவங்க கம்பெனிலயும் ஒரு ஏ.இ. இருப்பாரு போல.”

நானும் அதை நம்பினேன். ஏஐ என்று செய்தியில் கேட்டிருக்கிறேன். படம் வரையுமாம், பாட்டு எழுதுமாம். பாலக்காட்டில் லோடு பிடித்துத் தரும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணன் வாடகை பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பாதியில் எழுந்து போய்விடுவார். டீசல், டயர் தேய்மானம், அண்ணியின் முட்டிவலி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். இந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்கள் சிரமம் புரிகிறது” என்றாள்.

அண்ணன் உருகிப்போனார். “கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்கண்ணி ஒருநாள் இப்படிச் சொல்லிருப்பாளாடா?”

அடுத்தடுத்த போன்களில் விசாரணை தொடங்கியது.

“சாப்ட்டியாம்மா?”

“கேட்டதற்கு நன்றி. நீங்கள் சாப்பிட்டீர்களா?”

“சொந்த ஊரு எதும்மா?”

“நான் எல்லா ஊர்களுக்கும் சேவை செய்கிறேன்.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“மன்னிக்கவும், அந்தத் தகவல் என்னிடம் இல்லை.”

“வெக்கப்படுதுடா” என்றார் அண்ணன், போனைக் கையால் மூடிக்கொண்டு.

எனக்கு அப்போது முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. லாரி ஓட்டுகிறவன் என்றதும் பேச்சை மாற்றிய வீடுகள் பல. இவளுக்கு நான் லாரி ஓட்டுகிறவன் என்பது முதலிலேயே தெரியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருநாள் அண்ணன் போனை என் காதில் திணித்தார். “வணக்கம்ங்க” என்றேன். “உங்கள் குரல் தெளிவாகக் கேட்கவில்லை. சற்றுச் சத்தமாகப் பேசுங்கள்” என்றாள். போனை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் போன் அடித்தால் லாரிக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொள்வேன். அண்ணிக்குத் தெரியாத விஷயம் இது.

ஒரு நல்ல நாளில் அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தஞ்சாவூர்க் கதம்பம். கம்பெனியின் கிளை ஆபீஸ் திருச்சியில் இருந்தது; பெண் அங்கேதான் இருப்பாள் என்பது அண்ணனின் கணக்கு. மூவரும் லாரியிலேயே போய் இறங்கினோம்.

ஆபீஸில் மேனேஜராக இருந்த பெண்மணி தட்டைப் பார்த்துவிட்டு, “யாரப் பாக்கணும்?” என்றார்.

“ஏ.இ.க்கு உதவியாளரா ஒரு பொண்ணு இருக்குதுங்களே.”

“ஏ.இ.ன்னு இங்க யாரும் இல்லீங்களே.”

அண்ணன் விடவில்லை. தினமும் கூப்பிடும் பெண், நல்ல பொறுமை, இனிமையான குரல் என்று அடையாளம் சொன்னார். மேனேஜர் சற்று யோசித்துவிட்டு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“வணக்கம். நான் உங்கள் ஏஐ உதவியாளர் பேசுகிறேன்” என்றது அதே குரல்.

அண்ணன் எழுந்து போய் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஆள் கெடையாதுங்க. மிஷின்தான் பேசுது” என்றார் மேனேஜர், மிகவும் மெதுவாக, துக்கம் சொல்கிறவரைப் போல.

எனக்குக் காது சுட்டது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, அதை யாரிடம் சொல்வது? முதலில் சிரித்தது அண்ணிதான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு மேனேஜர், அப்புறம் ஆபீஸ் முழுவதும். “தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போனா நல்லாருக்காது. நீங்களே சாப்புடுங்கம்மா” என்று அண்ணி பழச்சீப்பை மேஜையில் வைத்துவிட்டார்.

வெளியே வந்து லாரியில் ஏறியதும் போன் அடித்தது. அவள்தான். வண்டி காலியாகத் திருச்சியில் நிற்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அண்ணன் போனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க. லோடுதானே” என்றார் அண்ணி.

“சொல்லுங்க” என்றார் அண்ணன். இதுவரை அவளிடம் ‘சொல்லும்மா’ என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரத்தநாட்டுக்கு சிமெண்ட் லோடு. வீட்டுக்கே போகிற லோடை எப்படி விடுவது? குடோனில் மூட்டை ஏறும்வரை அண்ணி பட்டுப்புடவையோடு கேபினில் உட்கார்ந்திருந்தார். புடவையின் அரக்குக் கலர் சாம்பலாகிவிட்டது. வழியெல்லாம் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்.

வல்லம் தாண்டும்போது மறுபடியும் போன். லோடு ஏறியதை உறுதிசெய்துகொண்டு, “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்றாள்.

“ஒண்ணும் வேணாங்க. என் தம்பிக்கு வேற எடத்துல பாத்துக்கறோம்.”

“புரிந்தது. உங்கள் தம்பியின் வண்டிக்கு வேறு இடத்தில் லோடு பார்க்கிறீர்கள் என்று பதிவு செய்துகொண்டேன். நன்றி.”

அண்ணன் போனை வைத்துவிட்டு கியரை மாற்றினார். பிறகு, “என்ன இருந்தாலும் மரியாதையான பொண்ணுடா” என்றார்.