இட்லிப்பூச் செடிக்குப் போட்ட மாவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, மாமா, நான். இல்லாதவர் அப்பா. அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு அச்சு எடுப்பது அவர் வேலை. ஆர்டர் நெருக்கினால் ஞாயிறும் கிடையாது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். கம்மாபுரம் பக்கம் இருந்த அவர் கரும்பு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு விருத்தாசலத்துக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

எங்கள் வாசலையொட்டி ஒரு பாய் விரிக்கிற அளவு மண் உண்டு. அதில் அம்மா அறுபது ரூபாய்க்கு ஒரு குட்டை இட்லிப்பூச் செடி வாங்கி வைத்தார். இடுப்புக்கு மேல் வளராது, வருஷம் முழுக்கப் பூக்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குப் பூ கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனால் பூவோடு ஒரு பேச்சும் சேர்ந்து வரும். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தச் செடி.

அதை மாமா நிம்மதியாக வளர விட்டால்தானே. காலையில் கொத்தினார், சாயங்காலமும் கொத்தினார். வெயில் போதவில்லை என்று பிடுங்கி மறுமூலையில் நட்டார். வெயில் அதிகம் என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"இது பூச்செடி, கரும்பு இல்ல. சும்மா வுடுண்ணே."

"ஒனக்கு என்னா தெரியும்" என்று மாமா மறுபடி கொத்தினார்.

அத்தனையையும் தாங்கிக்கொண்டு செடி ஒரு மொட்டுக் கொத்து விட்டது. வருகிற வெள்ளிக்கு நம்ம வூட்டுப் பூவு என்று அம்மா தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டார். அந்த ஞாயிறன்றுதான் கொத்தில் எறும்பு ஏறியது. பொடி தேடி வீட்டைக் குடைந்த மாமா, அப்பா அச்சுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளை மாவு மூட்டையின் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, இது என்னா மாவு? செடிக்குப் போடலாமா?"

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்புவரை போன முதல் ஆள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கால்சியம் இருக்குது மாமா. செடிக்கு நல்லதுதான்."

"படிக்கிற புள்ள சொல்லுது, அப்புறம் என்னா" என்று அரை மூட்டையைக் கவிழ்த்தார். ஏக்கர் கணக்கில் உரம் போட்டுப் பழகிய கை. மேலே இரண்டு குடம் தண்ணீர். டீ குடித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னாடா இது, சுடுது."

மதியம் சாப்பிட வந்த அப்பா விரலை மடக்கித் தட்டினார். கல்லில் தட்டிய சத்தம் வந்தது.

"பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மச்சான் இது, நல்லா செட்டாயிருக்குது. பெயின்ட் அடிச்சு வித்துடலாமா?"

உளி வைத்துப் பெயர்த்தபோது வேரும் கூடவே பெயர்ந்தது. மூன்றாம் நாள் மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மாமா அதற்கும் அடங்கவில்லை. மண்ணைத் தோண்டி, அம்மாவின் சல்லடையில் சலித்து, வெள்ளைத் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினார். இரண்டு நாள் இதே வேலை.

"விடுங்க மாமா, வேற செடி வாங்கிக்கலாம்" என்றேன் எரிச்சலோடு.

"செடி கெடக்குது. மண்ணு கெட்டுப்போச்சேடா."

பிறகு ஒரு மாட்டு வண்டி மண் வரவழைத்தார். ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்து, இது வேண்டாம் என்று வாடகை கொடுத்துத் திருப்பி அனுப்பினார். வண்டிக்காரர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அடுத்த வண்டியில் வந்த செம்மண் அவருக்குப் பிடித்திருந்தது. கீரைக்கட்டுக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பாய் அகலத்தில் இறங்கினார்; இருட்டும்வரை ஏறவில்லை.

ஒரு பூச்செடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கணக்குப் போட மட்டும் தெரிந்திருந்தது. செடி அறுபது, மாவு நூற்றைம்பது, திரும்பிப் போன வண்டிக்கு நூறு, செம்மண் இருநூற்றைம்பது, புதுச் செடி அறுபது. ஆக, அறுநூற்று இருபது ரூபாய்.